முதல் பந்தி

நான் வாயும் வயிறுமாக இருந்த பத்து மாதத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது ஒரே ஒரு நாள். 1991, வைகாசி மாதம், என் வளைகாப்பு அன்று. மணையில் உட்கார வைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் வளையல் அடுக்கி முடித்ததும் தலைவாழை இலை போட்டார்கள். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம். "நல்லாச் சாப்பிடுத்தா, ரெண்டு உசுரு" என்று என் மாமியார் பக்கத்திலேயே நின்று பரிமாறினார். மறுநாள் விடியற்காலையில் எழுந்து பதினோரு பேருக்குச் சமைத்தேன். எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, குழம்புச் சட்டியின் அடியில் கிடந்ததைச் சோற்றில் போட்டுப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மானாமதுரைப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், கர்ப்பிணிகளை நன்றாகச் சாப்பிடச் சொல்வது என் வேலை.

அரசாங்கத் தாளில் கிராம சுகாதாரச் செவிலியர். ஊர் வாயில் நர்சம்மா. 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் எனக்கு ஏழு ஊர்கள் வந்தன. மிதித்து ஏறும் வெயிட் மிஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போவேன். மண் தரையில் வைத்தால் முள் ஆடும். அதனால் சிமெண்டுத் திண்ணை உள்ள வீடாகப் பார்த்து வைத்து, தெருப் பெண்களை அங்கே வரச் சொல்வேன். ரத்தம் பார்க்கக் கருவி கிடையாது. விரலில் குத்தி, ஒரு துளியைத் தாளில் ஒற்றி, அது எந்தச் சிவப்பு என்று அட்டையில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் அட்டையின் வெளிறிய பக்கத்துக்குத்தான் என் கண் போகும்.

முள் 40-ஐத் தொடுவதே அபூர்வம். கர்ப்ப காலத்தில் 10 முதல் 12 கிலோ ஏற வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் ஊர்களில் ஐந்து ஏறினால் பெரிது. "ஏன் ஏறல? ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?" என்று அந்தப் பெண்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்தக் கேள்வியைத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமியாரிடமோ, வெளியில் நின்ற கணவனிடமோ நான் கேட்டதில்லை. மிஷினில் ஏறியவளைத்தான் கேட்டேன்.

ஒரு அப்பத்தாவை மட்டும் மறக்க முடியவில்லை. பேத்திக்கு ஏழாம் மாதம். ராத்திரிச் சோற்றைப் பாதியாகக் குறைத்து வைத்திருந்தார். "புள்ள பெருத்துப்போச்சுன்னா பெக்க முடியாது நர்சம்மா" என்றார். மூடநம்பிக்கை என்று நினைத்து வெகுநேரம் வாதாடினேன். பிறகு, அவர் பேச்சோடு பேச்சாகத் தன் மூத்த மகளைப் பற்றிச் சொன்னார். இரண்டு நாள் வலி. மாட்டுவண்டியில் ஏற்றிப் போகும் வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். சிறு வயதிலிருந்து பசியோடு வளர்ந்த பெண்ணுக்கு உயரம் குறையும், இடுப்பெலும்பும் குறுகும். குழந்தை பெரிதாக இருந்தால் தலை இறங்காது. சிசேரியன் செய்யும் ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்த ஊரில், அந்தக் கிழவி கையில் இருந்த ஒரே தற்காப்பு அந்த அரைவயிற்றுச் சோறுதான். நான் அவரிடம் பேசியிருக்க வேண்டியது வண்டியைப் பற்றி. சோற்றைப் பற்றிப் பேசிவிட்டேன். 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் வாசலில் நிற்கத் தொடங்கிய பிறகு, சோற்றைக் குறைக்கும் பேச்சு எங்கள் பக்கம் தானாகவே தேய்ந்தது.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கதிதான். நூறு நாளுக்கு நூறு மாத்திரை எண்ணிக் கொடுப்போம். குமட்டும், மலம் கட்டும், கறுப்பாகவும் போகும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாமல் கொடுத்தால் எவள் விழுங்குவாள்? கூரைச் செருகலிலிருந்தும் அரிசிப் பானையிலிருந்தும் நான் கொடுத்த பொட்டலங்களை நானே எடுத்திருக்கிறேன். ஒரு பெண் அடுப்புச் சாம்பலை மடியில் முடிந்து வைத்துத் தின்றாள். இன்னொருத்தி சுவர் மண்ணைச் சுரண்டித் தின்றாள். முதலில் திட்டினேன். சாம்பலும் மண்ணும் கேட்கிற நாக்கு, பல நேரம் ரத்தசோகையின் நாக்கு என்று பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் மருத்துவர் ஒருவர் விளக்கியபோது வெட்கமாக இருந்தது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரைப் பற்றி முதலில் கேட்டதும் அதே வகுப்பில்தான். 1928-இல் மும்பைக்கு வந்தவர். பஞ்சாலையில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகள் ஒருவிதமான கடும் ரத்தசோகையில் விழுவதைப் பார்த்து, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதினார். நம் குன்னூரிலும் சில காலம் தங்கி எலிகளை வைத்துச் சோதனை செய்தார். கடைசியில் மார்மைட் என்கிற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைத் தேற்றுவதைக் கண்டு 1931-இல் எழுதினார். அதில் இருந்த பொருளுக்கு ஃபோலிக் அமிலம் என்று பிற்பாடு பெயர் வந்தது. இன்று இந்தியாவில் ஒவ்வொரு கர்ப்பிணியின் கையிலும் கொடுக்கிற மாத்திரைக்குள் அந்த மும்பைப் பெண்களின் சமையலறைகள் இருக்கின்றன. என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார் என்பதுதான் எனக்குள் தங்கியது. நான் திண்ணையோடு திரும்பிவிடுகிறவளாக இருந்தேன்.

அடுப்பங்கரைக்குள் போய்ப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பால்வாடியில் கர்ப்பிணிக்கென்று கொடுத்த சத்துமாவு, வீட்டில் இருக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் உருண்டையாகப் போவது தெரிந்திருக்கும். மீன் வாங்கினால் நடுத்துண்டு ஆண்களுக்கும், தலை பெரியவர்களுக்கும், வால் சமைத்தவளுக்கும் என்பது தெரிந்திருக்கும். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் அது. என் வீட்டிலும் அதுதான் நடந்தது. சம்பளம் வாங்குகிறவள், படித்தவள், எடை அட்டையை எழுதுகிறவளே நான்தான். ஆனாலும் முதல் பந்தி முடியுமுன் தட்டை எடுத்து உட்கார எனக்குத் துணிவு வரவில்லை. கொல்லையில் பப்பாளி மரம் ஒன்று காய்த்துக் கொட்டியது. காயின் பாலுக்குக் கருப்பையைச் சுருக்கும் குணம் உண்டு, காயை விலக்குவது சரிதான். நன்றாகப் பழுத்ததற்கு அந்தத் தோஷமில்லை என்று இன்று நான் எல்லாரிடமும் சொல்கிறேன். அன்று பழுத்ததைக்கூட எவரும் எனக்குக் கொடுக்கவில்லை. காகம் கொத்தியது போக மிச்சம் ஆட்டுக்குப் போயிற்று.

என் மகள் ஆவணியில் பிறந்தாள். 2 கிலோ 200 கிராம். இரண்டரைக்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை என்று பதிவேட்டில் தனிக் கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் நானே எழுதிக்கொண்டேன்.

முப்பத்தோரு வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்ற 2022-இல், அவள் சென்னையில் இருந்து போன் செய்து மூன்று மாதம் என்றாள். அரிசி, கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள்ளுருண்டை எல்லாம் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டினியோடு சண்டை போடுகிற ஆயுதங்கள் அவை. வாசலில் அவளைப் பார்த்ததும்தான் சண்டையே மாறிவிட்டது என்று புரிந்தது.

158 சென்டிமீட்டர் உயரம், 74 கிலோ. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை, நாற்காலியில் பத்து மணி நேரம். பசித்தால் போனில் தட்டினால் போதும், கதவுக்கு வந்துவிடும். நான் என் உத்தியோக காலம் முழுக்கத் திண்ணைத் திண்ணையாக ஏங்கிய எடை இங்கே கண்ணெதிரில் நின்றது. ஆனால் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.8. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். 1991-இல் எனக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையோடு இருந்தார்கள். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. இவற்றைத் தனித்தனிச் செய்தியாகப் படித்திருக்கிறேன். இரண்டும் ஒரே உடம்பில், என் மகள் உடம்பில் இருந்தன. தட்டு நிறைந்திருந்தது, தட்டில் இருந்ததோ மாவும் எண்ணெயும் சர்க்கரையும். என் தட்டில் இல்லாமற்போன பருப்பும் கீரையும் மீனும் அவள் தட்டிலும் இல்லை.

அவள் போய்வந்த கிளினிக் ஒன்றில் எடை பார்த்த பெண், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், "இப்பவே இவ்வளவு வெயிட்டா? சாப்பாட்டைக் குறைங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தவள் நான்கு நாள் காலைச் சாப்பாட்டையும் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் குளியலறை வாசலில் தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கிளினிக் பெண்ணின் மேல் எனக்கு முழுக்கக் கோபம் வரவில்லை. அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். மானாமதுரைத் திண்ணைகளில் நான் பேசிய அதே குரல். அன்று ஏன் ஏறவில்லை என்று கேட்டது, இன்று ஏன் ஏறியது என்று கேட்கிறது. இரண்டு முறையும் அடுப்பங்கரையைக் கேட்காமல், மிஷினில் ஏறியவளைக் கேட்கிறது.

அன்று ராத்திரி அவளை உட்கார வைத்துக் கணக்குச் சொன்னேன். "கர்ப்பத்துல எடையைக் குறைக்கக் கூடாதுடி. ஏறுற வேகத்தைத்தான் பாத்துக்கணும்." 2009-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வகுத்த அளவைத்தான் பல மருத்துவர்களும் பின்பற்றுகிறார்கள். மெலிந்து இருப்பவள் 12.5 முதல் 18 கிலோ வரை ஏறலாம். சரியான எடை உள்ளவள் 11.5 முதல் 16. கூடுதல் எடை உள்ளவள் 7 முதல் 11.5, அதற்கும் மேலே பருத்தவள் 5 முதல் 9. என் மகள் மூன்றாவது வரிசை. நான்காம் மாதத்திலிருந்து வாரத்துக்குச் சுமார் 300 கிராம் ஏறினால் போதும். "அவ்வளவும் கொழுப்பாம்மா?" என்று கேட்டாள். குழந்தை ஒரு 3 கிலோ. நஞ்சுக்கொடி முக்கால் கிலோ. பனிக்குட நீர் ஒரு கிலோ. கருப்பை வளர்வது ஒரு கிலோ. உன் உடம்பில் புதிதாக ஊறும் ரத்தம் ஒன்றேகால், ஒன்றரை கிலோ. மார்பு அரைக் கிலோ. இதற்கே ஏழு, எட்டு ஆயிற்றே! அவள் விரல் விட்டு எண்ணினாள். முதல் முறையாக அந்த எண்ணைக் கண்டு பயப்படாமல் பார்த்தாள்.

இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்ற சொல்லின் உண்மைக் கணக்கையும் சொன்னேன். நாலாம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு 350 கலோரி கூடுதல் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான் அந்த இரண்டாவது உயிரின் பங்கு. 1991-இல் அந்தப் பங்கு எனக்குக் கிடைக்கவில்லை. 2022-இல் மகளுக்கு அது ஒரு மாலைப் பலகாரத்திலேயே தாண்டிப் போய்விடுகிறது.

ஆறாம் மாதத்தில் சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. இந்த எளிய முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10 இன்று கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். வெறும் வயிற்றோடு மறுபடி வா என்றால், பத்து மைல் நடந்து வந்த பெண் திரும்பி வரமாட்டாள் என்று அறிந்து செய்த முறை அது. கிராமத்தில் வேலை பார்த்த எனக்கு அதன் அருமை தெரியும்.

என் மகளுக்கு 156 வந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயிற்சியில் கேட்ட இன்னொரு கதை வந்து வந்து போனது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற வட்டாரத்தில், எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்ற சுகாதார அதிகாரியின் மேற்பார்வையில், 1911 முதல் மருத்துவச்சிகளும் செவிலியர்களும் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். எங்களைப் போன்றவர்கள்தான். பல பத்தாண்டு கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளைக் கண்டெடுத்து, அந்தக் குழந்தைகள் வளர்ந்து கிழவரானபின் என்ன ஆனார்கள் என்று தேடினார். எடை குறைந்து பிறந்தவர்களுக்கு இதய நோய் அதிகம். 1991-இல் வந்த கட்டுரை, அவர்களுக்குச் சர்க்கரையும் அதிகம் என்றது. 1991! இங்கே நான் 2 கிலோ 200 என்று பேனாவால் எழுதிய அதே வருடம். புனேயில் மருத்துவர் யாக்னிக் பிற்பாடு கிராமத்துக் குழந்தைகளை அளந்தார். சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தை 3.5. எலும்பும் சதையும் குறைந்திருந்தாலும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. வயிற்றுக்குள்ளேயே பஞ்சத்துக்குப் பழகிய உடம்பு, பிறகு மிகுதியைக் கண்டால் தாங்குவதில்லை.

ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை வரப் பத்துக் காரணம் உண்டு. எடை, வயது, வம்சம், உட்கார்ந்தே செய்யும் வேலை. அந்த 156-க்கு என் காலி வயிறுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். ஆனால் நான் அன்றையும் இன்றையும் இரண்டு கதையாக வைத்திருந்தேன்: அன்று இல்லாமை, இன்று மிகுதி. படுத்துக்கொண்டு யோசிக்கையில் இரண்டும் ஒரே கதையாகத் தெரிந்தது. குழம்புச் சட்டியின் அடியை வழித்துச் சாப்பிட்ட போது என் வயிற்றில் இருந்தவள்தான் பக்கத்து அறையில் படுத்திருந்தாள்.

காலையில் அவளிடம் சொல்லிவிட்டேன். என் 1991 எடை அட்டையை ஊரிலிருந்து எடுத்து வந்திருந்தேன், அதையும் காட்டினேன். 41, 41, 41.5, 41.5 என்று போகிற வரிசை. மொத்தமே ஆறரை கிலோ. அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். "தை, மாசியில ஏன் ஏறவே இல்ல?" என்றாள். "அறுப்புக் காலம். கூலி ஆளுக்கும் சேத்துச் சமைக்கணும்." அவள் ஒன்றும் சொல்லாமல் அட்டையை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்துத் தன் அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

அன்றிலிருந்து தட்டைத் திருப்பிப் போட்டோம். நம் தட்டில் சோறு மலை, பொரியல் ஓரத்தில் ஒரு குன்று. அதை மாற்றி, பாதித் தட்டு அவரையோ கீரையோ கோஸோ. கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன். மிச்சக் கால்தான் சோறு. சோற்றை ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தால் அளந்து வைத்தோம். அதையும் கடைசியில் சாப்பிடுவாள், பொரியலும் பருப்பும் முதலில். கேழ்வரகு நல்லதுதான், கூழாகக் கரைத்தால் சர்க்கரை விரைவில் ஏறுகிறது என்று மீட்டரில் பார்த்தோம். அடையாகத் தட்டினால் அவ்வளவு ஏறவில்லை. பழச்சாறு நின்றது, பழம் தொடர்ந்தது. மாத்திரையோடு டீ குடிப்பது நின்றது, நெல்லிக்காய் வந்தது. கால்சியத்தையும் இரும்பையும் வெவ்வேறு வேளைக்குப் பிரித்தோம். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் மொட்டைமாடியில் பதினைந்து நிமிடம் நடை. ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் பால், நெடுநேரம் வெறும் வயிறாக இருக்கக் கூடாது என்பதற்காக. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். மூன்றாவது வாரத்தில் இரண்டும் கைக்கு வந்தன, இன்சுலின் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் போட்டிருப்போம்; அதில் யாருடைய தோல்வியும் இல்லை.

மாப்பிள்ளை சமைக்கக் கற்றுக்கொண்டார். அவர் அவரைக்காயை நறுக்கிக்கொண்டிருப்பதை அடுப்பங்கரை வாசலில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடும். சம்பந்தியம்மா குங்குமப்பூ வாங்கி வந்து, பாலில் போட்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்றார். பாலுக்காகப் பாலைக் குடிக்கச் சொன்னேன். நிறம் எந்தப் பூவிலும் இல்லை என்று அவரிடம் பொறுமையாகவே சொன்னேன். வளைகாப்புக்கு அதே ஐந்து சாதம் வந்தது. மகள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். அவளுக்காக நான் தனியாகச் செய்து கொண்டுபோன மொச்சைச் சுண்டலை வயிறாரச் சாப்பிட்டாள். பந்தியில் இருந்த இரண்டு பெண்கள் எனக்கும் சுண்டல் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மொத்தம் 9 கிலோ ஏறினாள். பேத்தி பிறந்தாள், 2 கிலோ 900.

ஆறு வாரம் கழித்து மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிற்காலத்தில் நிரந்தரமாக வரக் கூடும் என்பதால்தான் இந்தச் சோதனை. காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். அவள் வெறும் வயிற்றில் முதல் ரத்தம் கொடுத்து, குளுக்கோஸைக் குடித்துவிட்டு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பேத்தி என் மடியில் தூங்கினாள்.

"அம்மா, நீ காலையில சாப்பிட்டியா?"

அவசரத்தில் கிளம்பிவிட்டோம் என்றேன். அவள் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மாப்பிள்ளை கட்டிக் கொடுத்த மூன்று இட்லி, கொத்தமல்லித் துவையல். நீ சாப்பிடாமல் இருக்கும்போது நான் எப்படி என்றேன். அவள் பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு டப்பாவை என் கையில் வைத்தாள். "எனக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். நீ முதல்ல சாப்பிடு."

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று இட்லியையும் சாப்பிட்டேன்.